வெள்ளிக்கிழமை ஈரப் பின்னல்

அனுப்புநர்:
ரா. ப்ரணவ், பி.இ.,
வெந்நீர்க் குழாய் அமைப்புப் பொறியாளர்,
முனிர்கா கிராமம், புது தில்லி.
(பதினொன்றாம் வகுப்பு மாணவி ரா. ஸ்வப்னாவின் அண்ணன், தில்லியில் அவளுக்குப் பொறுப்பாளர்)

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பொருநை கல்விக் குழு,
பொருநை உறைவிட மேல்நிலைப் பள்ளி,
நஜஃப்கர் சாலை, புது தில்லி.

பொருள்: மாணவி ரா. ஸ்வப்னாவை விடுதியிலிருந்து நீக்கும் முடிவைக் கைவிடவும், வெள்ளிக்கிழமைக் காலைத் தாமதத்தின் உண்மையான காரணத்தைச் சரிசெய்யவும் கோருதல்.

பார்வை: விடுதிக் காப்பாளரின் நோட்டீஸ், நாள் 08.12.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். என் தங்கை ஸ்வப்னா குளிர்கால விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் விடுதிக்குத் திரும்பி வர வேண்டாம் என்று விடுதிக் காப்பாளர் திருமதி சுந்தரவல்லி அவர்கள் கையொப்பமிட்ட நோட்டீஸ் சென்ற திங்கட்கிழமை எனக்கு வந்தது. தாங்கள் ஒப்புதல் அளித்தால் அது உத்தரவாகிவிடும் என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். அளிக்க வேண்டாம் என்று கேட்கவே இந்த மனு. இதில் எங்காவது மரியாதை குறைந்து தெரிந்தால் அது என் தொழில் செய்த வேலை. நான் தினமும் காண்டிராக்டர்களுக்குக் கடிதம் எழுதுகிறவன். "அண்ணா, ப்ளீஸ், கொஞ்சம் பொலைட்டா எழுது. தண்ணி லீக்குக்கு எழுதற மாதிரி எழுதாதே" என்று தங்கை தொலைபேசியில் கெஞ்சியிருக்கிறாள். முயன்றிருக்கிறேன்.

2. விடுதி போனால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா மத்திய அரசுப் பணியில் மாற்றலாகி ஷில்லாங்கில் இருக்கிறார். அம்மாவும் அங்கேதான். நான் முனிர்காவில் ஒரே அறையில் இன்னும் இரண்டு பையன்களோடு குடியிருக்கிறேன். ஒரு கேஸ் அடுப்பு, மூன்று மெத்தை, ஜன்னல் கிடையாது. தங்கை வந்து தங்கலாமா என்று கேட்டேன். பெண்பிள்ளை கூடாது என்பதை வீட்டுக்காரர், "லட்கி நஹீ" என்ற இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அவர் அனுமதித்திருந்தாலும் நான் அனுமதித்திருக்க மாட்டேன். ஆகவே விடுதி இல்லையென்றால் ஸ்வப்னா நடு ஆண்டில் பள்ளியை விட்டு ஷில்லாங்குக்குப் போக வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்கான தேர்வு வாரியப் பதிவு முடிந்துவிட்டது. அங்கே தமிழ்ப் பாடமும் கிடையாது. ஒரு ஆண்டு வீண். பெட்டியில் கிடைத்த ஒரு கண்மைக் குச்சிக்கு இது அதிக விலை.

3. நோட்டீஸில் நான்கு குற்றச்சாட்டுகள் உள்ளன. வெள்ளிக்கிழமைதோறும் காலை வழிபாட்டுக்குத் தாமதமாக வருகிறாள். பெட்டியில் அலங்காரப் பொருள்கள் வைத்திருக்கிறாள். மாடிப்படியில் இளைய மாணவிகளை உட்காரவைத்து அழகு நிலையம் நடத்துகிறாள். காப்பாளர் அறை ஜன்னலுக்கு எதிரே நின்று அவரைப் பார்த்து முகத்தைக் கோணிக் காட்டி அவமதிக்கிறாள். நான்காவதைப் படித்தபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. எங்கள் வீட்டில் முகத்தைக் கோணுகிறவன் நான்தான்.

4. இரண்டாவது குற்றச்சாட்டு உண்மை. வாதாட விரும்பவில்லை. ஸ்வப்னா கண்மை பூசுகிறாள், நன்றாகவும் பூசுகிறாள். உதட்டுக்குக் களிம்பு தடவுகிறாள். அது இளஞ்சிவப்பாக இருக்கிறது என்பது நோட்டீஸ் சொல்லும் குறை. தில்லிக் குளிரில் உதடு வெடித்து வரும் ரத்தமும் ஏறக்குறைய அதே நிறம்தான். நகப்பூச்சும் உண்டு, ஆனால் கால் விரல்களில் மட்டும். அந்த விரல்கள் காலை முதல் இரவு வரை சாக்ஸுக்குள் இருப்பதால் பள்ளியின் ஒழுக்கம் எந்த வழியாகக் கெடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவளுடைய அறைத்தோழி ஷ்ருதியைக் கேட்டதில், யாரும் பார்க்காத இடத்தில் நிறம் இருப்பதே ஒரு சந்தோஷம் என்றாள். எனக்கு இதில் அனுபவம் இல்லை. ஆனால் யாருக்கும் தொந்தரவில்லாத சந்தோஷம் என்று மட்டும் தெரிகிறது.

5. கைப்பற்றப்பட்ட பொருள்களில் "வெள்ளி நிற முகப்பூச்சு, குழாய் ஒன்று" என்று குறிப்பிட்டிருப்பது முகப்பூச்சு அல்ல. கணினியின் சில்லுக்கும் அதைக் குளிர்விக்கும் தகட்டுக்கும் நடுவே தடவுகிற பசை. ஸ்வப்னாவின் மடிக்கணினி சூடாகிறது என்று சொன்னாள். விடுமுறையில் சரிசெய்து தருவதாகச் சொல்லி நான்தான் அதை அவள் பெட்டியில் போட்டு வைத்தேன். காப்பாளர் அதைப் புறங்கையில் தடவிப் பார்த்தாராம். இரண்டு நாள் சோப்புப் போட்டும் போகாததால், இது மிகவும் முற்றிய அலங்காரம் என்று முடிவு செய்திருக்கிறார். ஆபத்து ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். குழாயைத் திருப்பித் தரக் கோருகிறேன். அது எனக்கு வேண்டும்.

6. நோட்டீஸ் வந்த மறுநாள் மாலை காப்பாளரை நேரில் சந்தித்தேன். அவர் கோபமாக இருந்தாலும் நியாயமாகப் பேசினார். "தம்பி, நான் சொன்னா நம்ப மாட்டீய. இஞ்சினியருன்னு சொல்லுதீயல்லா? வெள்ளிக்கிழம விடியக்காலம் வந்து உங்க கண்ணால பாருங்க. வழிபாட்டுக்கு மணி அடிச்ச பொறவும் ஒருத்தியும் இறங்க மாட்டா. ஏட்டி, ஜல்தி ஜல்தின்னு கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு. மத்த நாள்லாம் ஒழுங்கா வாறாளுவ. வெள்ளிக்கிழம பாவாட தாவணின்ன உடனே எல்லாவளுக்கும் கல்யாணப் பொண்ணுன்னு நெனப்பு" என்றார். வேறு எந்தக் காப்பாளரும் இப்படி அழைக்க மாட்டார். அழைத்ததற்கு நன்றி. நான் போனேன்.

7. நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்பே பார்வையாளர் அறையில் உட்கார்ந்துவிட்டேன். மூடுபனியில் எதிரே இருந்த கொடிக்கம்பம் தெரியவில்லை. அந்த அறையின் கண்ணாடிக் கதவு வழியாக விடுதி மாடிப்படியின் முதல் திருப்பம்வரை உள்ள பகுதி, காப்பாளர் அறையின் வெளிப்புறம், வழிபாட்டுக் கூடத்தின் வாசல் ஆகிய மூன்றும் தெரியும். அங்கிருந்தும் அருகே போயும் நான் பார்த்ததையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

8. முதலில் பார்த்தது ஈரம். இறங்கி வந்த ஒவ்வொரு பெண்ணின் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. இந்தக் குளிரில், சொட்டச் சொட்ட, இறுக்கிப் போட்ட இரட்டைப் பின்னல், அதில் ரிப்பன். பாவாடை தாவணிக்குக் கீழே லெக்கிங்ஸ், அதற்கும் கீழே விளையாட்டு ஷூ. தாவணிக்கு மேல் ஸ்வெட்டர் போடக் கூடாது என்று விதி இருப்பதால் ரவிக்கைக்குள் இரண்டு இன்னர். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணப் பெண் என்ற நினைப்பில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆற்றில் விழுந்து தப்பித்தவர்கள் போல இருந்தார்கள்.

9. கூடத்தின் வாசலில் உதவிக் காப்பாளர் ஒருவர் நின்று ஒவ்வொரு தலையையும் தொட்டுப் பார்த்தே உள்ளே விட்டார். ஏன் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பது விடுதி விதியாம். தலை காய்ந்திருந்தால் குளிக்கவில்லை என்று பொருளாம். ஐயா, நான் ஓட்டல்களுக்கு வெந்நீர் அமைப்பு வடிவமைக்கிறேன். பல விதமான சோதனை முறைகளைப் பார்த்திருக்கிறேன். காய்ந்த தலையைக் குற்றமாகக் கருதும் சோதனையை இப்போதுதான் பார்க்கிறேன். இதன் விளைவு என்ன தெரியுமா? முந்தின நாள் மாலையே குளித்துத் தலையைக் காயவைத்த கெட்டிக்காரப் பெண்கள், காலையில் உச்சியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன்.

10. அடுத்தது வெந்நீர். கட்டிடத்தின் பின்னால் போய்ப் பார்த்தேன். (காவலாளி, "பையா, உதர் மத் ஜாயியே" என்று அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்தார். காப்பாளரின் அனுமதி என்று சொல்லிப் போனேன். அவர் அனுமதித்தது பார்வையாளர் அறைக்கு மட்டும் என்பது உண்மை.) ஒரு மாடிக்கு இரண்டு கீசர். மற்ற நாள்களில் அது போதும். ஏனென்றால் மற்ற நாள்களில் பாதிப் பேர் முகம் மட்டும் கழுவுகிறார்கள் என்று நம்புகிறேன். தில்லியின் டிசம்பரில் இது மனித இயல்பு. வெள்ளிக்கிழமை மட்டும் விடுதி முழுவதும் ஒரே நேரத்தில், இடுப்பு வரை முடியோடு, தலைக்குக் குளிக்கிறது. முதலில் போனவர்களுக்கு வெந்நீர், அடுத்தவர்களுக்கு வெதுவெதுப்பு, மீதிப் பேருக்குக் கீசரில் சிவப்பு விளக்கு மட்டும் என்று ஷ்ருதி சொன்னாள். தண்ணீர் மறுபடி சூடாகும்வரை துண்டோடு குளியலறை வாசலில் நிற்கிறார்கள். தாமதம் அங்கே தொடங்குகிறது. அவசரமாகக் குளித்து முடித்தால் அடுத்து ஈர முடி. ஈர முடி சீப்பில் சிக்கும், பின்னல் வழுக்கும், ரிப்பன் இறுகாது. கண்மைக்கு இதில் பங்கு இல்லை. ஒருத்தி படியில் இறங்கும்போதே இரண்டு கண்ணுக்கும் மை தீட்டி முடித்ததைப் பார்த்தேன். நான் தும்முவதற்கே அதைவிட நேரம் ஆகும்.

11. "அழகு நிலையம்" பற்றி. மாடிப்படியின் திருப்பத்தில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கீழ்ப் படியில் ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னும் சிலர், கையில் சீப்போடும் ரிப்பனோடும். விடுதிக்கு வந்து ஒரு பருவம்கூட ஆகாத குழந்தைகள். வீட்டில் அம்மா பின்னிவிட்டுப் பழகிய தலைகள். இரட்டைப் பின்னல் போடாமல் கூடத்துக்குள் போக முடியாது. தானே போட்டுக்கொள்ளவும் தெரியாது. ஸ்வப்னா துண்டால் துவட்டி, வகிடெடுத்து, பின்னி, ரிப்பன் கட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே இடைவெளியே இல்லை. என் அலுவலகத்தில் இந்த வேகத்தில் வேலை செய்பவர் யாரும் இல்லை. "ஆட்டாதடி, ஆடினா வகிடு யமுனா மாதிரி வளைஞ்சு போகும்" என்று ஒருத்தியை அதட்டினாள். அந்தக் குழந்தை, "உங்க வகிடே இன்னும் எடுக்கல அக்கா" என்று திருப்பிக் கொடுத்தது. உண்மைதான். அவள் தலை விரிந்து கிடந்தது. எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தன் தலையைக் கடைசியாகப் பின்னுகிறாள். அதனால் வெள்ளிக்கிழமை கடைசியாகப் போகிறாள். முதல் குற்றச்சாட்டும் மூன்றாவது குற்றச்சாட்டும் ஒன்றுதான் ஐயா. இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள்.

12. நான்காவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில் சற்றுத் தொழில்நுட்பம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும். தீபாவளி விடுமுறையின்போது, அலங்காரம் குறையட்டும் என்று விடுதியின் குளியலறைகளிலும் நடைகளிலும் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். பெட்டியில் கைக்கண்ணாடி வைத்திருந்தால் அதையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். முகத்தையே பார்க்காமல் நேர் வகிடு எடுக்க முடியுமா என்று தாங்கள் ஒரு நாள் முயன்று பார்க்கலாம். இது ஒரு புறம். மறு புறம், சென்ற கோடையில் காப்பாளர் அறை ஜன்னலில் வெயில் தடுக்கும் படலம் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் படலத்துக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. இருட்டான பக்கத்தில் இருப்பவருக்கு வெறும் ஜன்னல். பகலில் காப்பாளர் அறையில் விளக்கு எரிவதால் இரு பக்கமும் தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் விடியற்காலையில் அவர் விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்து காபி குடிப்பது வழக்கம். கண்ணுக்கு இதமாம். வெளியே நடையில் டியூப்லைட் பளிச்சென்று எரிகிறது.

13. எஞ்சியதைத் தாங்களே ஊகித்திருப்பீர்கள். விடுதியில் மீதமிருக்கும் ஒரே பெரிய கண்ணாடி காப்பாளர் அறை ஜன்னல். கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு நொடி அங்கே நிற்கிறாள். உதட்டைக் குவிக்கிறாள். பல்லில் கீரை இருக்கிறதா என்று பார்க்கிறாள். ஒரு கண்ணை இழுத்து விரித்து மை தீட்டுகிறாள். போகிறாள். உள்ளே ஒரு முழத் தூரத்தில், இருட்டில், காபி டம்ளரோடு காப்பாளர். "என் மூஞ்சிக்கு நேரா வந்து பல்லக் காட்டுதாளுவ தம்பி. உங்க தங்கச்சி ஒத்தக் கண்ண விரிச்சுக் காட்டுதா. நான் என்ன கண் டாக்டரா?" என்று அவர் என்னிடம் கேட்டபோது அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. தீபாவளியிலிருந்து தினமும் காலையில் ஒருவர் இதைத் தாங்கியிருக்கிறார். அவர் நிலையில் நான் இருந்திருந்தால் நோட்டீஸ் இன்னும் முன்னதாகவே வந்திருக்கும்.

14. விளக்கிச் சொன்னால் நம்ப மாட்டார் என்று தோன்றியதால் ஒரு பரிசோதனை செய்தோம். வழிபாடு முடிந்து, நடை காலியான பிறகு, அவர் அனுமதியோடு அவர் நாற்காலியில் விளக்கை அணைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். அவரை வெளியே ஜன்னலுக்கு எதிரே நிற்கச் சொன்னேன். அவர் வந்தார். நின்றார். முதலில் என்னைத் தேடினார். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார். மங்கி குல்லாவைக் கழற்றினார். காதோரம் தொங்கிய நரைமுடியை ஒதுக்கிச் செருகினார். பொட்டை ஒரு பக்கம் நகர்த்தினார், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். கடைசியில் உதட்டை விலக்கிப் பற்களைக் காட்டினார், நேராக என் முகத்துக்கு. மேற்படி செயலை நான் என்னை அவமதித்ததாகக் கருதவில்லை.

15. அவர் உள்ளே வந்ததும் நான் பார்த்ததைச் சொன்னேன். என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "ஏ அம்மா! இதுக்கா இவ்வளவு நாளும் இளிச்சாளுவ!" என்றார். ஷ்ருதியைக் கூப்பிட்டு, காலையில் உள்ளே தான் இருப்பது தெரியுமா என்று கேட்டார். அந்தப் பெண், "ஹாய் ராம்! உள்ள இருப்பீங்களா? தினம் அங்கதான மேம் நான் மூக்குல பரு இருக்கான்னு பார்ப்பேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "தெரியும்ட்டி, உன் மூக்குத் துவாரமே எனக்கு மனப்பாடம்" என்றார் காப்பாளர்.

16. அப்படியானால் நோட்டீஸைத் திரும்பப் பெறலாமே என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "கோப்பு மேல போயிருச்சே தம்பி. இனி என் கையில இல்ல. செயலாளர் ஐயாதான் பாக்கணும். நீங்களே எழுதுங்க, கேட்டா நானும் சொல்லுதேன்" என்றார். ஆகவே விஷயம் இப்போது தங்கள் மேசையில் இருக்கிறது. குற்றம் சாட்டியவரும் குற்றம் சாட்டப்பட்டவளும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பது ஒரு கோப்பு மட்டும்.

17. ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பதைப் பள்ளியை நிறுவிய பெரியவர்கள் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று காப்பாளர் சொன்னார். நல்ல வழக்கம். நான் எதிரியல்ல. ஆனால் அது திருநெல்வேலி வெயிலை நம்பி ஏற்பட்ட வழக்கம். அங்கே இட்லி ஆறுவதற்குள் முடி காய்ந்துவிடும். இங்கே டிசம்பரில் சூரியன் இரண்டாம் பாடவேளைக்குத்தான் பள்ளிக்கு வருகிறது. அதுவும் சில நாள் விடுப்பு எடுத்துக்கொள்கிறது. வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் வெயிலைக் கொண்டுவரவில்லை. ஈரத்தில் இறுக்கிய பின்னல் மாலை வரை காய்வதில்லை. வகுப்பு முழுக்கத் தும்மல். இதில் மார்கழி பிறந்தால் வழிபாடு இன்னும் முன்னதாகத் தொடங்கும் என்று அறிவிப்புப் பலகையில் வேறு எழுதிப் போட்டிருக்கிறீர்கள். தலைக்குக் குளி, பாவாடை தாவணி உடுத்து, இரட்டைப் பின்னல் போடு, ரிப்பன் கட்டு என்று வாரத்தில் ஒரு நாள் அலங்கரித்துக்கொள்ளச் சொல்வது பள்ளி. அலங்கரித்தாள் என்று வெளியே அனுப்புவதும் பள்ளி. பதினாறு வயதுப் பெண் இதில் எதைக் கேட்பாள்? அவள் இரண்டையும் கேட்டு, கூடவே கொஞ்சம் மையும் பூசிக்கொண்டாள். அவ்வளவுதான்.

18. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து செய்ய வேண்டியவை:

ஸ்வப்னாவின் விடுதி இடத்தை ரத்து செய்யும் கோப்பில் ஒப்புதல் அளிக்காமல், "முடித்துவைக்கப்பட்டது" என்று எழுதி, விடுமுறை தொடங்குமுன் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வாய்மொழி போதாது. எங்கள் அப்பா அரசு ஊழியர். காகிதம் வராமல் தூங்க மாட்டார்.

கழற்றிய கண்ணாடிகளை மறுபடி மாட்ட வேண்டும். காப்பாளரும் இதையே விரும்புகிறார். நிம்மதியாகக் காபி குடிக்க வேண்டும் என்கிறார்.

குளிர்காலம் முடியும்வரையாவது தலைக்குக் குளிப்பதை வியாழன் மாலைக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி நேரம். வாசலில் ஈரம் பார்ப்பதை உடனே நிறுத்த வேண்டும். வழிபாட்டுக்குச் சுத்தம்தான் தேவை, ஈரம் தேவையில்லை என்று நினைக்கிறேன். தங்களுக்கு வேறு தகவல் இருந்தால் தெரிவிக்கவும்.

தாவணிக்கு மேல் ஸ்வெட்டர் அனுமதிக்க வேண்டும். அழகு கெடும் என்று விதியில் இருக்கிறது. நீல உதடும் அழகல்ல.

கீசர் இணைப்பை மாற்றியமைக்க வரைபடம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மேற்பார்வை செய்து தருகிறேன். கட்டணம் இல்லை. தேநீர் போதும்.

கண்மை பற்றி நான் எதுவும் கோரவில்லை. அதைக் காப்பாளரும் பெண்களும் பேசிக்கொள்வார்கள். பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த விளக்கெண்ணெய் மை இந்தக் கடைக் குச்சியைவிட நல்லது என்று காப்பாளர் ஷ்ருதியிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

19. கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை காலை, "பாருங்க உங்க தங்கச்சி லட்சணத்த" என்று காட்டுவதற்காக, காப்பாளர் ஸ்வப்னாவைப் பின்னிக்கொண்டிருந்த வேலையிலிருந்து பாதியில் எழுப்பி என் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். விரித்த தலை, ஒரு கண்ணில் மை, மறு கண்ணில் இல்லை. காப்பாளர் அவளை மாடி அறைக்கு அழைத்துக்கொண்டு போனதும், வரிசையில் கடைசியாக நின்ற ஆறாம் வகுப்பு பூங்கோதை பார்வையாளர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதிப் பின்னல், கையில் ரிப்பன். "அண்ணா, அக்காவை அனுப்பிடுவாங்களா? அப்புறம் ஃப்ரைடே எங்களுக்கு யாரு பின்னுவாங்க? வார்டன் மேம் இழுத்துப் பின்னினா கண்ணு மேல போயிடும்" என்றாள். முதலில் உட்கார் என்றேன். மூன்று இழைதானே, கேபிளை முறுக்குகிறவனுக்கு இது என்ன பெரிது என்று மீதிப் பின்னலை நானே போட்டேன். அது கீழே தொங்க மறுத்து, காதுக்கு மேலே ஆன்டெனா போல் விறைத்து நின்றது. பூங்கோதை காப்பாளர் அறை ஜன்னலில் போய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "பரவால்ல அண்ணா, அச்சா ஹை" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சால்வையால் தலையை முழுக்க மூடிக்கொண்டு வழிபாட்டுக்கு ஓடினாள்.

எனவே, தாங்கள் அந்தக் கோப்பில் ஒப்புதல் அளிப்பதாக இருந்தால், ஜனவரியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் விடியுமுன் நான் சீப்போடு மாடிப்படியில் இருப்பேன் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இது மிரட்டல் அல்ல, தகவல். முடிவெடுக்குமுன் பூங்கோதையை வரவழைத்து, யார் பின்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: வெந்நீர்க் குழாய் வரைபடம் ஒன்று.

இடம்: முனிர்கா, புது தில்லி
நாள்: 14.12.2025

பணிவுக்கு முயன்று,
தங்கள் உண்மையுள்ள,
ரா. ப்ரணவ்

நகல்: திருமதி சுந்தரவல்லி, விடுதிக் காப்பாளர். (பத்தி 14-ஐ நீக்கச் சொன்னார். நீக்கவில்லை. பிறகு, "சரி, இருந்துட்டுப் போட்டும்" என்றார்.)